யார் நடந்த தெருக்கள்?

பழைய ஐரோப்பிய நகரங்களைக் காலால் நடந்தே பார்க்க வேண்டும் என்று எல்லாப் பயண நூல்களும் சொல்கின்றன. வண்டியில் போனால் நகரம் ஓடிவிடும், நடந்தால்தான் அது பேசும் என்கிறார்கள். நடக்கலாம். ஆனால் அந்த நகரம் யாருடைய குரலில் பேசுகிறது, யாரைப் பற்றி வாய்திறக்காமல் இருக்கிறது என்ற கேள்வியை எந்தப் பயண நூலும் நம் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு நகரத்தில் நடக்கிறது. தேஜோ ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால், குன்றுகளின்மேல் ஏறியும் இறங்கியும் கிடக்கிற லிஸ்பன். போர்த்துகலின் தலைநகர்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய நகரத்தை 'அழகு' என்ற ஒற்றைச் சொல்லால் பார்க்கப் பழக்குவது, அந்த நகரத்தைத் தலையிலும் இடுப்பிலும் சுமந்த பெண்களை மறக்கப் பழக்குவதுதான். ஓடு வேய்ந்த கூரைகள், நீலப் பீங்கான் பதித்த சுவர்கள், ஜன்னலுக்கு ஜன்னல் கொடிகட்டிக் காயும் துணிகள் என்று படம் எடுக்கிறோம். துணி படத்தில் இருக்கிறது. துவைத்தவள் இல்லை.

இலக்கிய மாணவிகளுக்கு நகரத்தில் நடப்பது என்றதும் நினைவுக்கு வருகிறவர் ஓர் ஆண்தான். இலக்கின்றி அலைபவர், கூட்டத்தில் கரைபவர், எல்லாவற்றையும் பார்ப்பவர், யாராலும் உற்றுப் பார்க்கப்படாதவர். பாரிஸ் தெருக்களில் அலைந்த பொதலேரையும் அவரைப் பற்றி எழுதிய வால்டர் பெஞ்சமினையும் வகுப்பில் நடத்தும்போது இந்த மனிதரை நவீனத்துவத்தின் நாயகன் என்று குறிப்பெடுக்கச் சொல்கிறோம். லிஸ்பனுக்கும் அப்படி ஒருவர் உண்டு. ஷியாடு பகுதியில் உள்ள பிரேசிலெய்ரா காப்பிக் கடையின் வாசலில் கவிஞர் ஃபெர்னாண்டோ பெஸோவா வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். 1988இல் வைத்த சிலை. பக்கத்தில் ஒரு வெண்கல நாற்காலி காலியாக விடப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.

பெஸோவா பெரிய கவிஞர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கேள்வி அந்தக் காலி நாற்காலியைப் பற்றியது. அவர் இறந்தது 1935இல். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1933இல், சர்வாதிகாரி சாலசாரின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அது சொன்னது. சொல்லிவிட்டு, பெண்கள் விஷயத்தில் அவர்களுடைய இயல்பையும் குடும்பத்தின் நலனையும் ஒட்டிய வேறுபாடுகள் உண்டு என்று ஒரு விலக்கையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு வரியின் பலத்தில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று பாருங்கள். ஆசிரியை திருமணம் செய்துகொள்ள அரசின் அனுமதி வேண்டும். வரப்போகும் கணவனுக்கு ஏற்ற வருமானம் இருக்க வேண்டும். மருத்துவமனைச் செவிலியர் திருமணமே செய்துகொள்ளக் கூடாது. அந்தத் தடை 1963 வரை நீடித்தது. மணமான பெண் நாட்டு எல்லையைத் தாண்டக் கணவனின் அனுமதி வேண்டும் என்ற விதி 1969இல்தான் போனது. இந்த நாட்டில், இந்த நகரத்தில், அந்த நாற்காலி யாருக்காகக் காலியாக இருந்தது? அலைவதற்கான உரிமை முதலில் சட்டத்தில் எழுதப்படுகிறது. பிறகுதான் கவிதையில்.

*

ஆற்றோரமாக மேற்கே போனால் பெலெம். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் போய் நிற்கிற இடம். அங்கே ஆற்றைப் பார்த்துப் பாய்விரித்த கப்பல் வடிவில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1940இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாகக் கட்டியதை, 1960இல் இளவரசர் ஹென்ரி இறந்த 500ஆவது ஆண்டை ஒட்டிக் கல்லில் நிலையாக எழுப்பினார்கள். 'கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்' என்று பெயர். ஏற்கெனவே மக்கள் குடியிருந்த நிலங்களை யார் யாருக்காகக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கேள்வி. அந்தக் கப்பலில் 33 உருவங்கள். மாலுமிகள், மன்னர்கள், வரைபடக்காரர்கள், துறவிகள், ஒரு கவிஞர். வாஸ்கோ ட காமா இருக்கிறார். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே மதப்பணி செய்த பிரான்சிஸ் சேவியரும் இருக்கிறார்.

33 பேரில் பெண் ஒருத்தி. லங்காஸ்டரின் பிலிப்பா. அவர் எந்தக் கடலைக் கண்டுபிடித்தார்? எதையும் இல்லை. இந்தப் பயணங்கள் பெரிதாகத் தொடங்கும் முன்னரே, 1415இல், இறந்துவிட்டார். கப்பலில் அவருக்கு இடம் கிடைத்தது ஒரே காரணத்தால்தான்: அவர் இளவரசர் ஹென்ரியின் தாய். முப்பத்திரண்டு ஆண்கள் செய்ததற்காக நிற்கிறார்கள். ஒரு பெண் பெற்றதற்காக நிற்கிறாள். இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உள்ள கடையில் முட்டைப் பசை வைத்த இனிப்பு வாங்கித் தின்றுவிட்டுத் திரும்புவதற்குப் பெயர் வரலாற்றுச் சுற்றுலா.

அந்தக் கப்பல்கள் திரும்பி வந்தபோது மிளகை மட்டும் கொண்டுவரவில்லை. மனிதர்களையும் கொண்டுவந்தன. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் லிஸ்பனில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமை. பெரும்பாலானோர் ஆப்பிரிக்கர்கள், இந்தியக் கரைகளிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் இருந்தார்கள். பெலெமின் கப்பலில் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை.

*

ஆற்றோரமாகவே கிழக்கே திரும்பி நடந்தால் அல்ஃபாமா. நகரத்தின் மிகப் பழைய குடியிருப்பு. பெயரே அரபு மொழியிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்று என்று பொருள். 1755 நவம்பர் 1ஆம் தேதி வந்த நிலநடுக்கத்தில் லிஸ்பனின் தாழ்நிலப் பகுதிகள் தரைமட்டமானபோது இந்தக் குன்றுச் சரிவு பெரும்பாலும் தப்பித்தது. அதனால்தான் இன்றைக்கும் இங்கே ஆள் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகளும் படிக்கட்டுகளும் மிச்சமிருக்கின்றன. வழிகாட்டிகள் இந்தக் கதையை நன்றாகச் சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாமல் கடந்துபோகும் இடம் ஒன்று அடிவாரத்தில் இருக்கிறது. அரசனின் நீரூற்று. நகரத்தின் பழைய குடிநீர்த் துறைகளில் ஒன்று. கூட்டமும் சண்டையும் அதிகமாகிவிட்டதால் 1551இல் நகராட்சி ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது. ஆறு குழாய்களையும் ஆள்பார்த்துப் பிரித்தது. கறுப்பின ஆண்கள், கலப்பின ஆண்கள், இந்திய ஆண்களுக்கு ஒரு குழாய். படகுகளில் துடுப்பு வலித்த மூர் அடிமைகளுக்கு ஒன்று. வெள்ளை ஆண்களுக்கு நடுவில் இரண்டு. கறுப்பினப் பெண்கள், கலப்பினப் பெண்கள், இந்தியப் பெண்களுக்கு ஒன்று. அவர்கள் அடிமையாக இருந்தாலும் விடுதலை பெற்றிருந்தாலும் அதே குழாய்தான். கடைசிக் குழாய் வெள்ளைப் பெண்களுக்கு.

தண்ணீர்த் துறையில் ஆள்பிரித்து நிறுத்துவது நமக்குப் புதிய செய்தியல்ல. அந்த விதியை வாசிக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் விளக்கவுரை தேவைப்படாது. நிறமும் பாலும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதைக் கோட்பாட்டு நூல்கள் நூறு பக்கத்தில் சொல்வதை அந்த ஆறு குழாய்கள் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகின்றன. வெள்ளைப் பெண்ணுக்கும் தனி வரிசைதான், ஆனால் அது அவளுடைய மானத்தைக் காக்க. கறுப்பினப் பெண்ணுக்கும் தனி வரிசைதான், ஆனால் அது அவளிடமிருந்து மற்றவர்களைக் காக்க. இரண்டு வரிசையிலும் குடம் சுமந்தது பெண்தான் என்றாலும் இரண்டு வரிசையும் ஒன்றல்ல.

இங்கே நம் துறைக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. தமிழாய்வாளர்களுக்கு லிஸ்பன் என்றால் 1554. போர்த்துகல் அரசரின் ஆணைப்படி 'கார்த்தில்யா' என்ற சமய நூல் அந்த ஆண்டு இங்கே அச்சானது. ரோமன் எழுத்தில் தமிழ் அச்சேறிய முதல் நூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முந்தையது. அதை உருவாக்கியவர்கள் மூன்று தமிழ் ஆண்கள். திருமுழுக்குப் பெயர்களான வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா த குரூஸ் என்பவற்றால் நமக்குத் தெரிகிறவர்கள். இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய மொழி தமிழ் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பேசலாம். அது பெருமைதான்.

ஆனால் அந்த நூலுக்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் அதே நகரத்தில் எழுதப்பட்ட இன்னொரு தாளில் 'இந்தியப் பெண்கள்' என்ற சொல் இருக்கிறது. குடத்தோடு எந்தக் குழாயில் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவிடும் தாள். அந்தப் பெண்கள் கொங்கணி பேசினார்களா, மலையாளம் பேசினார்களா, தமிழ் பேசினார்களா என்று அந்த உத்தரவு கேட்டு எழுதவில்லை. கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஆண்கள் மூவரின் பெயர் அச்சு வரலாற்றில் நிற்கிறது. பெண்கள் கூட்டம் ஒரு குழாயின் எண்ணாக நிற்கிறது. நம் அச்சுப் பண்பாட்டு ஆய்வுகளில் முதல் தாளுக்கு ஒரு நூலகமே உண்டு. இரண்டாவது தாளைப் பற்றித் தமிழில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடிநீரைச் சுமந்தது போலவே கழிவையும் பெண்கள்தான் சுமந்தார்கள். வீடுகளின் மலப்பானைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் தேஜோ ஆற்றில் கொட்டும் வேலை அடிமைப் பெண்களுக்கு விதிக்கப்பட்டது. அவர்களுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஒரு தனிப் பெயரே உண்டு: கல்யாந்திரெய்ரா. அந்தச் சொல் பின்னாளில் வம்பு பேசுகிறவள் என்ற பொருளுக்கு மாறியது. நகரத்தின் மலத்தைச் சுமந்தவளின் பெயரை நகரம் ஒரு வசைச்சொல்லாக்கித் திருப்பிக் கொடுத்தது. மொழி படிக்கிறவர்கள் இந்த ஒரு சொல்லிலிருந்தே ஒரு நகரத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

சுமப்பது அடிமை முறையோடு முடிந்துவிடவில்லை. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்ற வரினா பெண்கள் இந்த நகரத்தின் அடையாளமாக ஆனார்கள். ஓவார் என்ற கடற்கரை ஊரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. மத்ரகோவா பகுதி அவர்களின் குடியிருப்பு. வெறுங்காலோடு நடந்தார்கள். வெறுங்கால் நகரத்துக்கு அவமானம் என்று சொல்லி ஒரு காலத்தில் அதற்குத் தடையும் அபராதமும் வந்தன. செருப்பு வாங்கிக் கொடுத்தா தடை போட்டார்கள்? இன்றைக்கு அதே வரினா, இடுப்பில் கைவைத்த பீங்கான் பொம்மையாக நினைவுப் பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கிறாள்.

*

அல்ஃபாமாவிலிருந்து மேலேறினால் பேராலயத்தின் அருகே அல்ஜூபே என்ற பழைய சிறைக் கட்டடம் வரும். 1928 முதல் 1965 வரை சர்வாதிகார ஆட்சி தன் எதிரிகளை அடைத்து வைத்த இடம். ஆள் படுக்கும் அளவே உள்ள இருட்டறைகள். 2015 முதல் எதிர்ப்பின் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவசியம் பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனால் அரசியல் கைதிகள் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டடம் என்னவாக இருந்தது? ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அது பெண்கள் சிறை. சாதாரணக் குற்றங்களுக்காகப் பிடித்து வரப்பட்ட ஏழைப் பெண்கள் கிடந்த இடம். அரசியல் கைதிக்கு வரலாறு உண்டு. திருடியதாகவும் உடலை விற்றதாகவும் பிடிபட்டவளுக்கு வழக்கு எண் மட்டும்தான் உண்டு. அவளைச் சிறைக்கு அனுப்பிய வறுமையும் அரசியல்தான் என்று சொல்ல ஓர் அருங்காட்சியகம் இன்னும் வேண்டியிருக்கிறது.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் மொராரியா. 1147இல் கிறித்தவப் படை நகரத்தைப் பிடித்தபின் முஸ்லிம்களை ஒதுக்கிக் குடியமர்த்திய பகுதி. பிறகு ஏழைகளின் பகுதி. ஃபாடோ என்ற சோகப் பாடல் மரபு பிறந்த இடங்களில் ஒன்று என்று சொல்வார்கள். ஃபாடோவின் முதல் பெரும் பெயர் ஒரு பெண்: மரியா செவேரா. 1820இல் பிறந்தவர். மதுக்கடை நடத்திய தாயின் மகள், பாலியல் தொழிலாளி, பாடகி. 1846இல் 26 வயதில் மொராரியாவின் ஒரு தெருவில் இறந்தார். பொதுக்குழியில் புதைத்தார்கள்.

செத்தபின் அவருக்குக் கிடைத்த வாழ்வு பெரியது. ஒரு பிரபுவோடு அவருக்கு இருந்த உறவை வைத்து ஜூலியோ தந்தாஸ் கதையும் நாடகமும் எழுதினார். 1931இல் போர்த்துகலின் முதல் பேசும் படம் வந்தது. அதுவும் செவேராவின் கதைதான். இன்று மொராரியாவில் அவர் பெயரில் ஒரு முற்றம் இருக்கிறது. ஃபாடோ பாடும் பெண்கள் போர்த்திக்கொள்ளும் கறுப்புச் சால்வை செவேராவுக்கான துக்கம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2011இல் யுனெஸ்கோ ஃபாடோவை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நாடு பாடகியைப் போற்றுகிறது. அந்தத் தெருவில் உடலை விற்று வாழ்ந்த மற்றப் பெண்களை, அவர்கள் பாடவில்லை என்பதால், யாருக்கும் தெரியாது. பெண்ணின் துயரம் பாட்டாக வந்தால் கேட்பார்கள். கூலிக் கணக்காக வந்தால் கேட்பதில்லை. சிறுவயதில் துறைமுகத்துப் பக்கம் பழம் விற்ற அமாலியா ரோட்ரிகஸ் தன் குரலால் உலகப் புகழ் பெற்றார். 2001இல் தேசிய நினைவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட முதல் பெண் ஆனார். தேசத்தின் பெருமக்கள் துயிலும் அந்த இடத்துக்குள் முதல் பெண் நுழைவதற்கு இருபத்தோராம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இன்றைய மொராரியாவையும் பார்க்காமல் நகரக் கூடாது. சந்துச் சுவர்களில் அந்தப் பகுதியின் முதியவர்களுடைய படங்களைக் கமில்லா வாட்சன் என்ற ஒளிப்படக் கலைஞர் பதித்திருக்கிறார். பயணிகள் அந்த முகங்களின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். 2012இன் வாடகைச் சட்டம் பழைய ஒப்பந்தங்களின் பாதுகாப்பைத் தளர்த்தியது. வீடுகள் பயணிகளுக்கான நாள்வாடகை அறைகளாக மாறின. கணவனை இழந்து, சிறு ஓய்வூதியத்தில், ஐம்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்த மூதாட்டி இந்தச் சந்தையில் எப்படி நிற்பாள்? சுவரில் படம் நிலைக்கிறது, வீட்டில் ஆள் நிலைப்பதில்லை. நாம் 'உள்ளூர் மணம்' வேண்டுமென்று தேடிப்பிடித்துத் தங்கும் அறை, உள்ளூர்க்காரி காலிசெய்த அறையாக இருக்கலாம். நடந்து பார்ப்பவருக்கு இந்தக் கணக்கில் பங்கில்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

அதே பகுதியின் பென்ஃபொர்மோசோ தெருவில் வங்காளதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்களின் கடைகள் நிறைந்திருக்கின்றன. 2024 டிசம்பரில் காவல்துறை அந்தத் தெருவை மறித்து ஆண்களைச் சுவரைப் பார்த்து வரிசையாக நிற்க வைத்துச் சோதனை போட்டது. அந்தப் படம் நாடு முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. 1551இன் குழாய் வரிசையும் 2024இன் சுவர் வரிசையும் ஒரே நகரத்தில் நடந்தேறக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. வரிசை எங்கே நிற்க வேண்டும் என்பதை வரிசையில் நிற்காதவர்கள் முடிவு செய்கிறார்கள்.

*

மறுபடி ஷியாடு. இம்முறை பெஸோவாவைத் தாண்டிப் போவோம். அந்தோனியோ மரியா கர்டோசோ தெருவில் சர்வாதிகாரத்தின் ரகசியப் போலீஸ் தலைமையகம் இருந்தது. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி புரட்சி நாளில் அந்தக் கட்டடத்திலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். இன்று அங்கே சொகுசுக் குடியிருப்பு.

புரட்சிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1971இல், மரியா தெரேசா ஒர்த்தா என்ற கவிஞர் 'மின்யா சென்யோரா டி மிம்' என்ற தொகுப்பை வெளியிட்டார். 'எனக்கு நானே தலைவி' என்று சொல்லலாம். தலைவி என்ற சொல்லைத் தலைவனின் எதிரே மட்டும் வைத்துப் பாடம் நடத்திப் பழகிய நமக்கு அந்தத் தலைப்பின் வெப்பம் புரியும். பெண் தன் உடலை, தன் இச்சையைத் தன் வாயால் பேசிய கவிதைகள். அரசு நூலைத் தடைசெய்தது. ஆண்கள் சிலர் அவரைத் தெருவில் மறித்து அடித்தார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிவந்தது. தணிக்கை மேசையில் நடந்ததும் தெருவில் நடந்ததும் ஒரே வேலைதான். எழுதிய பெண் நடக்கக் கூடாது.

அவர் நடந்தார், தனியாக அல்ல. மரியா இசபெல் பரேனோ, மரியா வெல்யோ த கோஸ்தா என்ற இருவரோடு சேர்ந்து 1972இல் 'புதிய போர்த்துகீசியக் கடிதங்கள்' நூலை எழுதினார். மூவருக்கும் பெயர் மரியா. எந்தப் பக்கத்தை யார் எழுதியது என்று கடைசிவரை மூவரும் சொல்லவில்லை. ஒருத்தியைத் தனியே பிரித்துத் தண்டிக்க முடியாதபடி செய்தார்கள். ஆபாசம் என்று நூலைத் தடைசெய்து மூவர்மீதும் வழக்குப் போட்டார்கள். உலகப் பெண்ணியவாதிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். புரட்சி வந்தபின் 1974 மே மாதம் விடுதலை ஆனார்கள்.

அந்தப் புரட்சிக்குப் பூவின் பெயர் வந்தது ஒரு பெண்ணால். உணவகத்தில் வேலைபார்த்த செலஸ்த் கையெய்ரோ, அன்று கடை திறக்காததால் வீணாகவிருந்த கார்னேஷன் பூக்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டார். இல்லாததால் பூவைக் கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கி முனையில் செருகினார். வேலைக்குப் போய்த் திரும்பும் பெண் ஒருத்தியின் நடை ஒரு புரட்சிக்குப் பெயர் வைத்தது. இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், ஏனென்றால் அதில் பெண் பூ கொடுக்கிறாள்.

சொல்லாத கதை இது. புரட்சி முடிந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1975 ஜனவரி 13ஆம் தேதி பெண் விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் எட்வர்ட் பூங்காவில் ஓர் ஆர்ப்பாட்டம் நடத்தத் திரண்டார்கள். பெண்ணை அடக்கிவைக்கும் பொருள்களை அடையாளமாக எரிப்பது திட்டம். ஆடை அவிழ்ப்பு நடக்கப்போகிறது என்று வதந்தி பரவி ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்து சூழ்ந்தார்கள். பெண்களைத் தள்ளினார்கள், இழுத்தார்கள், இழிவாகப் பேசினார்கள். சர்வாதிகாரம் போய்விட்டது, சுதந்திரம் வந்துவிட்டது, பூங்காவில் பெண் நிற்கத்தான் முடியவில்லை. அரசு மாறியதும் எல்லாம் மாறிவிடும், பெண்கள் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம் என்று நமக்குச் சொல்லும் தோழர்களுக்கு அந்தப் பூங்காவின் முகவரியைக் கொடுக்கலாம்.

இன்னும் பின்னால் போனால் 1911. கரோலினா பியாட்ரிஸ் ஆஞ்சலோ என்ற மருத்துவர், கணவனை இழந்தவர், ஒரு மகளின் தாய். வாக்களிக்கும் உரிமை உடையவர் எழுதப் படிக்கத் தெரிந்த அல்லது குடும்பத் தலைமை வகிக்கும் போர்த்துகீசியக் குடிமக்கள் என்று குடியரசின் சட்டம் சொன்னது. நான் குடும்பத் தலைமை வகிக்கிறேன், குடிமக்களில் ஒருத்தி என்று நீதிமன்றம் போய் வென்றார். மே 28ஆம் தேதி லிஸ்பனில் வாக்களித்து நாட்டின் முதல் பெண் வாக்காளர் ஆனார். அதே ஆண்டு இறந்தும் போனார். 1913இல் சட்டத்தைத் திருத்தினார்கள். குடிமக்கள் என்ற சொல்லுக்கு முன்னால் 'ஆண்' என்று சேர்த்தார்கள். பொதுச்சொல்லில் பெண்ணும் அடக்கம் என்று நமக்கு இலக்கணம் சொல்லித்தருகிறது. ஒரு பெண் அதை நம்பி உள்ளே நுழைந்ததும் இலக்கணத்தைத் திருத்திவிட்டார்கள். 'குடிமகன்' என்று கூசாமல் எழுதும் நம் பாடநூல்களுக்குத் திருத்தம்கூடத் தேவைப்படவில்லை.

*

'தனியாகப் பயணம் போ, விடுதலை ஆவாய்' என்று இப்போது பெண்களுக்கு அறிவுரை பெருகியிருக்கிறது. போக வேண்டும். ஆனால் அந்த விடுதலைக்கு விலை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் திருமண நிலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வங்கி இருப்பு, சம்பளச் சான்று, விடுப்பு அனுமதி, தடையில்லாச் சான்று என்று அடுக்க வேண்டும். நான் விடுப்பு கேட்ட இடத்தில் முதல் கேள்வி, வீட்டில் யார் சமைப்பார்கள் என்பதுதான். கூலிவேலை செய்யும் என் மாணவியின் தாய்க்கு இந்த விண்ணப்பத்தின் முதல் பக்கமே மூடிய கதவு. கடவுச்சீட்டும் கடனட்டையும் உள்ளவளின் உலாவை எல்லாப் பெண்களின் விடுதலை என்று விற்காதீர்கள். நாம் காலை ஒன்பது மணிக்கு நடக்கத் தொடங்கும் அந்தப் பளபளப்பான கல்பாவிய தெருவை, விடியும் முன்பே புறநகரிலிருந்து பேருந்து ஏறி வந்து யாரோ துப்புரவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் பலர் போர்த்துகலின் பழைய காலனிகளிலிருந்து வந்த கறுப்பினப் பெண்கள். அவர்களும் இந்த நகரத்தில் நடக்கிறார்கள். அந்த நடைக்கு உலா என்று பெயரில்லை.

அப்படியானால் நடக்க வேண்டாமா? நடக்கத்தான் வேண்டும். நடக்கும் முறையை மாற்ற வேண்டும். எந்தப் பழைய தெருவுக்குப் போனாலும் முதலில் கேளுங்கள்: இங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தலையில் வந்தது? கழிவு எங்கே போனது, யார் தலையில் போனது? துணி எங்கே துவைத்தார்கள்? சிலைகளை எண்ணுங்கள், எத்தனை பெண்கள், எதற்காக நிற்கிறார்கள் என்று பாருங்கள். சிறையைப் பார்த்தால், அதற்கு முன் அங்கே யாரை அடைத்தார்கள் என்று கேளுங்கள். கேட்டுக் கிடைத்ததைத் தமிழில் எழுதுங்கள். நம் மொழியில் ஐரோப்பியப் பயணக் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. குடத்தின் பக்கம் நின்று எழுதியவைதான் இல்லை.

கிராசா குன்றின் உச்சியில், நகரமும் ஆறும் ஒருசேரத் தெரியும் ஒரு திட்டு இருக்கிறது. அதற்குச் சர்வாதிகாரத்தை எதிர்த்த கவிஞர் சோஃபியா தெ மெல்லோ பிரெய்னர் ஆந்திரேசனின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் கவிஞரின் பெயரில் ஒரு பார்வை இருப்பது நல்லது. எனக்கு அது போதவில்லை. உச்சியில் கவிஞருக்குப் பெயர்ப்பலகை வைத்த நகரம், அடிவாரத்தில் நீரூற்றுக்குப் போய் அந்த ஆறு குழாய்களின் விதியையும் கல்லில் பொறித்து வைக்கட்டும். வைக்கும் நாள்வரை, அங்கே போகிற ஒவ்வொரு பெண்ணும் ஒரு நிமிடம் நின்று பக்கத்தில் இருப்பவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு நகரட்டும்: இங்கே எங்களுக்கும் ஒரு குழாய் இருந்தது.